தனபால் அண்ணனின் பெயர் அட்டை

துபாய்,
வியாழன்

அன்புள்ள செல்விக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் கழுத்து வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

கிச்சனிலிருந்து என்னை டேபிள் டூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்க ரெஸ்டாரன்ட் என்று பெயர், வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சீனர்கள். எனக்குப் பெயர் அட்டை இன்னும் வரவில்லை. அதுவரை தனபால் அண்ணனின் அட்டையைக் குத்திக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். போன மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனாரே, அவர்தான்.

நேற்று மதியம், கண் மங்கிய ஒரு சீனப் பாட்டி அட்டையை உற்றுப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் பர்கரோடு ஐஸ் போட்ட கோலா குடிக்க, அவருக்கு மட்டும் அண்ணன் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பாராம்.

"தனபால், மதர் ஓகே? ஆபரேஷன் ஓகே?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"மதர் ஓகே, மேடம்" என்று சொல்லி வெந்நீரை வைத்தேன். அவர் கண் கலங்கிச் சிரித்தார்.

அதிலிருந்து யார் "தனபால்" என்றாலும் திரும்பிவிடுகிறேன். இன்று காலை ரூமில் யாரும் கூப்பிடாமலே திரும்பினேன். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஊருக்குக் கிளம்பும் பாண்டியிடம் இதைக் கொடுக்கிறேன். அவன் திரும்பும்போது தலைவலித் தைலம் கொடுத்துவிடு. இன்னொன்று, போனில் "என்னங்க" என்னாமல் ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார் உன் அம்மா. குறையாது செல்வி, கூப்பிடு.

பாண்டியை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக டாக்சி வந்துவிட்டது.

உன்
முனியராஜ்