கொடி இறங்கும் வரை

பிப்ரவரி 12, 2019, செவ்வாய்

ரோவீனாவுக்கு,

சென்ற செவ்வாய், பிப்ரவரி 5 அன்று நீ செய்தது முறைகேடு. படைத்தளத்தில் மாலை ஐந்து மணிக்கு எக்காளம் ஒலித்தால், கொடி இறங்கி முடியும் வரை, தளத்துக்குள் இருக்கும் நம் கேரவன் முகாமிலும் எவரும் அசையக்கூடாது. படையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவனின் மனைவிக்கு இது தெரியாததன்று. தெரிந்தேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தாய்.

நான் கேரவன் வாசலில் சல்யூட் அடித்து நின்றேன். நீ பெட்டியோடு என் முன்னாலேயே நடந்தாய்.

"கையை இறக்கிட்டு, 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லேன், பாப்போம்" என்றாய்.

என் கை நெற்றியிலேயே இருந்தது. எதிர் கேரவன் ஹார்லனும் ஓய்வுபெற்ற சார்ஜென்ட்தான். அவன் வெட்கமின்றிக் குறுக்கே ஓடிவந்தான்.

"குடு ரோவீனா, நான் தூக்குறேன். அந்தச் சிலை நகராது" என்று சிரித்து, உன் பெட்டியைத் தன் கேரவனுக்கே தூக்கிப் போனான்.

கொடியை மதிக்காதவன் உன்னை மதிப்பானா?

உன் மடக்கு நாற்காலி இன்னும் என் இடத்தில் கிடக்கிறது. தினமும் அதைத் துடைக்க வேண்டியிருக்கிறது. இது எனக்குத் தேவையற்ற வேலை.

இன்று ஐந்து மணிக்கு எக்காளம் ஒலிக்கும்போது, முகாமே பார்க்க, நான் அவன் வாசலுக்கு நடந்து வருவேன். பெட்டியைத் தயாராக வை.

இப்படிக்கு,
இன்னமும் உன் கணவன்