இடது புருவம்

என் இடது புருவத்தைக் கெடுத்தவள் நீதான். வால் பக்கம் ஓர் அரிசி நீளத்துக்கு முடி இல்லை. இனி முளைக்கவும் போவதில்லை.

இன்று மத்தியானம் தேக்கா மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடையில் புருவம் எடுக்க உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா பவுடரைத் தொட்டுப் புருவத்தில் தடவியதும் உன் வாசம் வந்தது. உன் பையில், சட்டைக் காலரில், நீ பாதி தின்றுவிட்டு நீட்டும் பராட்டாவில்கூட அந்தப் பவுடர் வாசம் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அழுகை வரவில்லை. நீ போனதிலிருந்து எதுவும் வருவதில்லை. தோலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.

“யாரும்மா இப்படிப் பண்ணது? லெஃப்ட்ல ஓட்டை விழுந்திருக்கு.”

“ஃப்ரெண்ட்.”

“நல்ல ஃப்ரெண்ட் லா! நிரப்பிடலாம், பத்து தடவைக்குச் சேத்துக் கட்டுற பேக்கேஜ் இருக்கு, பாக்குறியா?”

பேக்கேஜ். நீ இருந்திருந்தால் அந்தச் சொல்லுக்கே எழுந்து வெளியே போயிருப்பாய்.

அழகுக்கலைப் பள்ளியில் தேர்வுக்கு மாடலை மாணவியேதான் கூட்டி வர வேண்டும். நீ என்னை இழுத்துப் போனாய். அதுவரை நீ நூலைப் பல்லில் கடித்துத்தான் எடுத்துப் பழகியிருந்தாய். பள்ளியில் அது சுத்தமில்லை என்று கழுத்தில் மாட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். வாயில் நூல் இருந்தவரை உன்னால் பேச முடியாது, தலையாட்டவும் முடியாது. அன்று தேர்வாளர் வந்து, “ஆர் யூ ரெடி?” என்று கேட்டார். நூல் ஏற்கெனவே என் புருவத்தில் இருந்தது. நீ மரியாதையாகத் தலையை ஆட்டினாய். கழுத்தோடு நூலும் போனது, நூலோடு என் புருவமும் போனது. உனக்கு பாஸ் போட்டார்கள்.

வெளியே வந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

“சரி டி, அழாத. நீ சேர்றப்ப நான் மாடலா வந்து உக்கார்றேன். என் புருவத்தை எடுத்துக்க. பழிக்குப் பழி.”

“நான் எதுக்கு சேரணும்? உன் கூட்டல் கழித்தலைப் பாத்தாலே பயமா இருக்கு.”

உண்மையில் அது பயப்பட வேண்டிய கணக்குதான். தெம்பனிஸ் கடைத்தொகுதியில் நாள் முழுக்க உதட்டுச்சாயம் விற்றுவிட்டு, சாயங்காலம் வகுப்புக்கு ஓடினாய். உன் அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவிச் சேர்த்தது மொத்தமும் ஃபீஸுக்குப் போனது. படித்து முடித்துப் பார்லரில் சேர்ந்தால், அடிப்படைச் சம்பளம் நீ விட்டுவந்த கவுண்டர் வேலையைவிடக் குறைவு. மிச்சமெல்லாம் பேக்கேஜ் விற்றால் வரும் கமிஷன். கைக்குத்தான் பள்ளியில் பாடம். சம்பளமோ வாய்க்கு. உனக்கு அந்த வாய் இல்லை. முகப்பரு என்று வந்த பெண்ணிடம், “உங்களுக்கு இதெல்லாம் வேணாம் அக்கா, டாக்டரைப் பாருங்க” என்று சொன்னாய். மேனேஜர் உன்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, “யூ வொர்க் ஃபார் மீ ஆர் ஃபார் டாக்டர்?” என்று கேட்டார்.

போட்ட காசு எப்போது திரும்பும் என்று நான் உன்னை ஒருமுறை கேட்டேன். நீ கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

“எங்க அண்ணன் டிகிரிக்கு என்னைவிட ரெண்டு பங்கு கட்டினான். இப்ப பைக்ல சாப்பாடு கொண்டு போறான். அவன்கிட்ட யாராச்சும் இப்படிக் கேட்டாங்களா? அவன் கட்டினா படிப்பு. நான் கட்டினா செலவு. அப்படித்தானே?”

இந்த ஊரே அப்படித்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம் உங்களைப் போன்ற பார்லர் பெண்களைத் தேடி வந்து மணிக்கணக்கில் முகத்தை நீட்டுகிறவர்கள்தான், மகள் இதைப் படிக்கப் போகிறேன் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். ரத்தத்தில் ஏதோ என்றார்கள். போட்ட காசு முழுதாகத் திரும்பும் முன்பே நீ முடிந்துபோனாய்.

உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். உனக்கு யாரோ புருவம் வரைந்திருந்தார்கள். கறுப்புப் பென்சில், தடியாக. நம் நிறத்துக்குப் பிரவுன்தான் என்று எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருப்பாய். உன்னோடு படித்தவர்கள் சுற்றி நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை. உன் அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மேக்கப் நல்லா இருக்குல்ல?” என்று கேட்டார். “நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றேன்.

புருவம் எடுத்த கடையிலிருந்து நேராக உன் பள்ளிக்குப் போனேன். பதிவுக்கு இன்றுதான் கடைசி நாள். நான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டரில் இத்தனை வருடத்தில் மாறியது நாற்காலி மட்டும்தான். அங்கே இருந்தாலும் நஷ்டம், இங்கே வந்தாலும் நஷ்டம். இதில் கையாவது எதையாவது கற்றுக்கொள்ளும். பேக்கேஜ் விற்பதைப் பற்றியும் யோசித்தேன். நான் விற்பேன். உன்னைப் போல் எனக்கு வாய் கூசாது. திட்டாதே.

பள்ளிக் கவுண்டரில் இருந்த பெண் நம்மைவிடச் சின்னவள்.

“இங்க படிச்சவங்க யாராச்சும் சொல்லி வந்தீங்களா? டிஸ்கவுண்ட் இருக்கு.”

உன் பெயரைச் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்தாள்.

“ஓ, இருக்காங்க. அவங்களுக்கும் ஒரு வவுச்சர் அனுப்புவோம். அதே ஃபோன் நம்பர்தானே?”

“அவ செத்துட்டா.”

அந்தப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. “ஐயோ, சாரி அக்கா.” பிறகு திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “உங்க டிஸ்கவுண்ட் போகாது. அது உண்டு” என்றாள்.

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கில்லை. முதல் தவணையைக் கட்டிவிட்டு எழுந்தபோது அவள் சொன்னாள், “தேர்வுக்கு மாடல் நீங்கதான் கொண்டு வரணும். இப்பவே யார்கிட்டயாச்சும் பேசி வச்சுக்குங்க. கடைசி நேரத்துல யாரும் வரமாட்டாங்க.”

“பேசி வச்சாச்சு” என்றேன்.

நீதானே சொன்னாய், எம்ஆர்டி வாசலில், அத்தனை பேர் போய்வரும் இடத்தில். வரும் வழியில் பிரவுன் பென்சில் ஒன்று வாங்கினேன். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யார் என்ன கேட்டாலும் தலையாட்டாமல் நிற்கப் பழகிக்கொள்கிறேன். உன் இடது புருவம் எனக்குச் சேர வேண்டியது.

வந்து உட்காரு டி.