அவரும் நேரில் வர வேண்டும்

மார்ச் 2
அவருக்கு முகம் மழித்துவிட்டேன். வலது கன்னத்தில் கீறிவிட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை. பக்கவாதம் வந்து பதினாறு நாள். எங்கள் விசா பத்தொன்பதாம் தேதியோடு முடிகிறது. இந்த நாட்டு மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றதால் எனக்குக் கிடைத்த விசா அது. கணவர் என்ற முறையில் அவர் என்னைச் சார்ந்தவர் என்று அதில் இருக்கிறார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

மார்ச் 4
குடிவரவு அலுவலகத்தில் பாதி நாள் போனது. கவுன்டர் பெண் கோப்பைப் புரட்டிவிட்டு, "கைரேகைக்கு அவரும் நேர்ல வரணும்மா" என்றாள்.

"அவரால எழுந்து உக்காரவே முடியல."

"அப்ப தேதி முடியறதுக்குள்ள ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அங்கிருந்து நேராக மருத்துவரிடம். "ஃபிளைட்டா? மூணு மாசத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்றவர், எழுதியே கொடுத்துவிட்டார்.

மருத்துவர் போகாதே என்கிறார். அவள் இருக்காதே என்கிறாள். நான் எங்கேதான் நிற்பது?

மார்ச் 7
மகள் போனில் அழுதாள். அவள் இருப்பது வேறு நாடு, அவளுக்கும் அங்கே விசா பாடு. அவளைத் தேற்றியதில் என் கவலையைச் சொல்ல மறந்துபோனேன்.

மார்ச் 9
விசா ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினார். "அவர் பேரை எடுத்துட்டு நீங்க மட்டும் புதுப்பிச்சுக்கங்க. அவரை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால்? அதுவரை அவர் யார்? என் கட்டிலில் படுத்திருக்கும் சட்டவிரோதக் குடியேறியா?

பேரை நீக்கும் படிவத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஏன் வாங்கினேன்?

மார்ச் 11
நிரப்பினேன். கையெழுத்தும் போட்டேன். கொடுக்கவில்லை.

மார்ச் 12
கிழித்துப் போட்டேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோணிய வாயால், "குடுத்திருக்கலாம்ல" என்றார். "பேசாம கெடங்க!" — கத்திவிட்டேன். பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி ஆறிப்போச்சு. ரெண்டு பேரும் சாப்பிடல.

மார்ச் 16
ஆம்புலன்ஸ் வைத்து அவரைக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். மூன்றாம் மாடி. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. நான் மட்டும் மேலே போய் அதே கவுன்டர் பெண்ணிடம் சொன்னேன்.

"கைரேகை மெஷினைக் கீழ கொண்டுவர அனுமதி இல்லம்மா."

எந்த அலுவலகத்திலும் நான் குரலை உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தினேன். "நேர்ல வரணும்னீங்க. வந்துட்டாரு. வாசல்ல படுத்திருக்காரு. இனிமே நீங்கதான் வரணும்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் சிவந்து, உள்ளே யாரையோ கேட்கப் போனாள். இருபது நிமிடம். பிறகு ரேகைக் கருவியைக் குழந்தையைத் தூக்குவது போல அணைத்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். வண்டிக்குள் மண்டியிட்டு, மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தாள். "வலிக்குதாய்யா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்தாள்.

மார்ச் 19
மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். 'இறுதி நீட்டிப்பு' என்று முத்திரை. உடல்தகுதி இல்லாதவருக்கு அதற்கு மேல் விதியில் இடமில்லையாம். ஜூன் பதினெட்டுக்குள் கிளம்பிவிட வேண்டும்.

ஏப்ரல் 3
ஊருக்கு ஐந்து மணி நேர விமானம். நாற்காலியில் தலையணைகளை முட்டுக்கொடுத்து அவரை உட்காரப் பழக்குகிறேன். இன்று பதினோரு நிமிடம் தாக்குப்பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணை மூடியபடியே கேட்டார்: "எறங்கிட்டோமா?"

"இன்னும் ஏறவே இல்லீங்க."

பாதி வாயால் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.