வெள்ளிக்கிழமை மசோதா

பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உங்கள் கம்பளிக் கோட்டு. நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், மந்தைவெளி வேர்வையில் இதை இனி யார் போடப்போகிறார்கள்? தில்லிக் குளிருக்கென்று பனகல் பார்க் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினோம். "மெட்ராஸ்ல கம்பளி யாருக்கு சார் வேணும்?" என்று கடைக்காரர் சிரித்தார். "எம்.பி. ஆயிட்டேன், என்ன பண்றது?" என்று நீங்கள் ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அதற்கு முன்னால் நீங்கள் மயிலாப்பூர் வக்கீல். அடையாற்றுக் கரைக் குடிசைக்காரர்களின் வழக்குகள்தான் உங்களிடம் அதிகம். காலையில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துத்தான் நான் காபிக்குப் பால் வைப்பேன். அந்தக் கரையிலிருந்து நமக்குக் கீரை கொண்டுவரும் பாக்கியம்தான் தேர்தலில் என் மானத்தைக் காப்பாற்றினாள். குடிசை குடிசையாக ஓட்டுக் கேட்கப் போனேன். கட்சியைச் சொன்னேன், சின்னத்தைச் சொன்னேன், பெயரைக் கேட்டால் வாயடைத்துப் போனேன். புருஷன் பெயரை எப்படிச் சொல்வேன்? இப்போதும் எழுத வரவில்லை, பாருங்கள். பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இன்னா மாமி, ஊட்டுக்காரர் பேரைச் சொல்ல இவ்ளோ வெக்கமா? நீ கம்முனு வா, நான் சொல்றேன்" என்று பாக்கியம் முன்னால் நடந்தாள். அவள் போட்ட சத்தத்தில் உங்கள் பெயர் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

சபையில் கட்சி எப்படிச் சொன்னதோ அப்படியே ஓட்டுப் போட்டீர்கள். "கொறடா சொன்னா பொத்தானை அமுக்க வேண்டியதுதான்" என்பீர்கள். ஆனால் ஒரே ஒரு மசோதா சொந்தமாக எழுதினீர்கள். பக்கத்திலேயே வேறு இடம் கொடுக்காமல் யாருடைய குடிசையையும் எடுக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

நீங்கள் அதை அறிமுகப்படுத்திய செய்தி பத்திரிகை மூலையில் நாலு வரி வந்தது. கரையில் யாரோ படித்துக் காட்ட, சட்டமே வந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள்! நீங்கள் ஊர் திரும்பிய அன்று நம் வாசலில் மேளம், சரவெடி, ஆளுயர மாலை. நீங்கள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இது வெறும் ஆரம்பந்தாம்மா. ஓட்டெடுத்து ஜெயிச்சாத்தான் சட்டம்" என்றீர்கள். மேளம் நின்றுபோனது. பாக்கியம்தான் முன்னால் வந்தாள்.

"அப்போ ஓட்டெடுக்கச் சொல்லு நைனா."

"கண்டிப்பா" என்று வாக்குக் கொடுத்தீர்கள்.

அதில்தான் வந்தது வம்பு. தனி உறுப்பினர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் நேரமாம். எல்லோரும் பேசுவார்களாம். கடைசியில் மந்திரி எழுந்து, அரசாங்கம் கவனிக்கும் என்பாராம். கொண்டுவந்தவர் நன்றி சொல்லி வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. உங்கள் கட்சியிலிருந்தும் போன் வந்தது. வாபஸ் வாங்கு, ஓட்டெடுப்புக்கு விட்டால் அடுத்த தடவை சீட்டு கிடையாது.

ரயிலுக்குக் கிளம்பும்போது, "என்னடி பண்ணட்டும்?" என்று கேட்டீர்கள். எனக்கு வந்த கோபம்! "சொன்னது சொன்னதுதான். வாபஸ் வாங்கிண்டு வந்தேள்னா பாக்கியம் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அப்புறம் நம்ம ஆத்துக்குக் கீரை யார் கொண்டு வருவா?" என்றேன். சிரித்துக்கொண்டே போனீர்கள். உள்ளுக்குள் எனக்குப் பயந்தான். அந்தப் பதவி உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ட்ரங்க் கால் வந்தது. "தோத்துட்டோம். நமக்கு விழுந்ததை விரல் விட்டு எண்ணிடலாம்" என்றீர்கள்.

சொன்னபடியே அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. மறுபடி கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தீர்கள். குடிசைகளையும் எடுத்துவிட்டார்கள். பாக்கியத்துக்கு ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கோடியில் இடம். போவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் தலை நிமிரவே இல்லை.

"அங்க எங்களுக்குன்னு நாலு பேராச்சும் கை தூக்குனாங்களா நைனா?"

தலையாட்டினீர்கள்.

"அது போதும். யாருமே இல்லேன்னுல்ல நாங்க நெனச்சிக்கினு இருந்தோம்."

அவள் போனபின் நீங்கள் அழுதீர்கள். கல்யாணமாகி அதுவரை நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கரைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அவள் குரல்தான் கேட்கிறது.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். பழைய எம்.பி.க்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். பிறந்த ஊர், படிப்பு, தொழில், மசோதா, ஓட்டு என்று வரிசையாகக் கேட்டாள். "அவர் கொண்டுவந்தது எதுவும் நிறைவேறல, இல்லையா பாட்டி?" என்று சொல்லிப் பேனாவை மூடினாள்.

"மூடாதே. தோத்துதுன்னு எழுதிக்கோ. கட்சிக்காரா வாபஸ் வாங்கச் சொன்னா, இவர் வாங்கலைன்னும் எழுது" என்றேன்.

"அப்படி ஒரு கேள்வியே இதுல இல்லையே, பாட்டி."

"இல்லேன்னா சேர்த்துக்கோ."

எழுதி எனக்குப் படித்துக் காட்டும்வரை அவளை நான் எழுந்திருக்க விடவில்லை.