என் தலைப்பில் இன்னொருத்தி

நவ. 4, திங்.

விடாத மழை. கட்டபெட்டில் பஸ் தாமதம். காலேஜ் லைப்ரரியில் என் ஆய்வுக்காக டேட்டாபேஸ் தேடல். 'டீ' என்று போட்டால் டீ குடிப்பதன் நன்மைகளே பக்கம் பக்கமாக. கொழுந்து பறிக்கிறவர்களைக் காணோம். லைப்ரரி சார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒத்த வார்த்தை போட்டா ஊரே வந்து நிக்குமுங்க. தோட்டத் தொழிலாளி, முதுகுவலி, ரெண்டையும் சேர்த்துப் போடுங்க." போட்டேன். ஒரே பக்கமாகச் சுருங்கியது. மனுஷன் நல்லா இருக்கட்டும்.

வாங்க: பென்டிரைவ், அம்மாவுக்குத் தைலம்.

நவ. 5, செவ்.

போச்சு. ஆய்வேடுகளுக்கான டேட்டாபேஸில் அப்படியே என் தலைப்பு. கொழுந்து பறிக்கும் பெண்களின் உடல்வலி. அதுவும் அம்மா வேலை செய்யும் அதே எஸ்டேட். எழுதியவள் வேறு காலேஜ், சில வருடம் முன்னால். சுருக்கத்தின் கடைசி வரி: பெரும்பாலானோருக்கு வலி இல்லை. தைலம் வாங்கியே தேயும் ஊரில்!

கைடு மேடம் முதல் நாளே சொன்னது: "முன்னாடியே யாராவது செஞ்சிருந்தா தலைப்பை மாத்தியாகணும்." வெள்ளிக்கிழமை ஒப்புதல். இத்தனை மாத அலைச்சல் வீண். முகம் தெரியாத அந்தப் பெண் மேல் அப்படி ஒரு எரிச்சல். மதியம் சாப்பிடவில்லை. பிறகு டீயில் தொட்டு இரண்டு வர்க்கி.

நவ. 6, புத.

மழை இல்லை, மூடுபனி. அம்மா வேலை முடிந்து வந்ததும் தோளுக்குத் தைலம் தேய்த்தேன். "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" சொன்னேன்.

"ஓ, கண்ணாடி போட்ட புள்ளையா? நீ ஸ்கூல் போறப்ப வந்துச்சு. நல்ல புள்ள. வலி இருக்குதான்னு எல்லார்கிட்டயும் கேட்டுச்சு. இல்லீங்கன்னேன்."

தேய்த்த கை நின்றுவிட்டது. "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னாருல்ல. வலிக்குதுன்னா, அப்ப ஊட்லயே இருன்னு சொல்லீட்டா?"

அழுகை வந்தது. கூடவே, எழுத வெட்கம், சந்தோஷமும்: அவள் முடிவு தப்பென்றால் என் தலைப்பு பிழைக்கலாம்.

நவ. 7, வியா.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு இடிந்துபோயிருக்கிறேன், முட்டாள். இன்று முழு ஆய்வேட்டையும் இறக்கினேன். மூன்றாம் அத்தியாயம்: கேள்விகள் வேலை நேரத்தில், மேற்பார்வையாளர் முன்னிலையில். ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். எரிச்சல் போய்விட்டது. மேடத்திடம் காட்டினேன், அம்மா சொன்னதையும் சொன்னேன். அந்தப் பக்கத்தைத் திரும்பவும் படித்தார். "இதே தலைப்பு. இதே எஸ்டேட். வீட்ல வச்சுக் கேளு."

அப்பாடா. பஸ் ஸ்டாண்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய்விட்டார்.

நவ. 8, வெள்.

வெயில்! துணியெல்லாம் காய்ந்தது. ஒப்புதல் கையெழுத்து வாங்கியாச்சு. சாயங்காலம் ஒத்திகைக்கு அம்மாவை உட்காரவைத்து முதல் கேள்வி கேட்டேன்: உடம்பில் வலி இருக்கிறதா?

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக்க கண்ணு. கழுத்துல இருந்து ஆரம்பிக்கறேன்."