குழம்பில் கலந்த பொடி

என் பிள்ளையின் அம்மாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். சிறையில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்களாம். படிக்கட்டும். நம் வீட்டுக் கதைதான் பேப்பரிலேயே வந்து நாறிவிட்டதே.

முதலில் வாண்டைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி உயிருக்குப் பயமில்லை. ஈரல் பழையபடி ஆகுமா என்றுதான் டாக்டரால் சொல்ல முடியவில்லை. கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. கொஞ்சம் நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறாள். வாய் மட்டும் குறையவில்லை, அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள். நீ ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம்.

கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். "இது உங்க வீட்டுச் சண்டை இல்லப்பா, அரசாங்கம் போட்ட கேஸ். ஒருத்தருக்குத் தெரியாம சாப்பாட்டுல மருந்தைக் கலந்தா குத்தம்தான், நல்லதுக்குக் கலந்தேன்னு சொன்னாலும் குத்தம்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். குடிப்பவனுக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம் என்று உன்னிடம் பொடி விற்றவனைப் பிடித்தீர்களா என்று கேட்டேன். கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டானாம்.

நீ எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறாய் என்று வக்கீலம்மா சொன்னார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என்னைக் கொல்லத்தான் கலந்தாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதையுமா ஒப்புக்கொள்வாய்? குடியைவிட்டு நான் மனுஷனாக வேண்டும் என்றுதான் கலந்தாய். கோர்ட்டில் ஏறி நானே சொல்வேன். நான் போட்ட ஆட்டத்தையும் சொல்வேன், ஊரே கேட்கட்டும்.

எனக்கென்று நீ தனியாக எடுத்து வைத்த குழம்பு அது. நான் குடித்துவிட்டு வந்திருந்தால் பிள்ளை பக்கத்திலேயே வந்திருக்க மாட்டாள். அன்றைக்கென்று பார்த்துப் பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். நீ மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். அவள் என் மடியில் ஏறி வாயைத் திறந்தாள், ஊட்டினேன். எனக்கு வாந்தியோடு போயிற்று. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு குடியைத் தொடவில்லை. பொடி வேலை செய்துவிட்டது மாமா என்றான் உன் தம்பி. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னொன்று. வாண்டு என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். நான் தட்டை எடுத்தாலே, "அப்பா ஊட்டுனா வயிறு வலிக்கும், அம்மா வரட்டும்" என்று உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். உன் தம்பி நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான், நான் சொல்லவிடவில்லை. அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். உன் கைக்கு அவள் வாயைத் திறந்தால் போதும்.

வக்கீலம்மா சொல்வதைக் கேள். வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்