நானாக விலகவில்லை

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, நானாக விலகினேன் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் போடவில்லை. நீ கவலைப்படாதே. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எல்லோரும் இப்போது செய்தியைப் போனில்தான் பார்க்கிறார்களாம். டிவி ஸ்டூடியோவில் விளக்கு போடுகிற நாங்கள் வேண்டாமாம். நேற்றும் பொழிச்சலூர் அறையிலிருந்து வேலைக்குக் கிளம்பிப் போனேன். என் அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. காவலாளி தயாளன் சிரித்தான்.

“இன்னா பெருசு, உன்னோட பேஜாரா கீது! கையெழுத்த போட்டுட்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறேன்.”

“நீயா இருந்தா போடுவியா?”

“எனக்கே அடுத்த மாசம் வேலை கீதோ இல்லியோ” என்று சொல்லி, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தான். மாலை வரை அதில் உட்கார்ந்திருந்தேன்.

தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. நம் பையன் பொன்ராஜ், தன் வீட்டில் எடுத்துவிட்ட கேபிள் டிவியை மறுபடி போட வேண்டும். கம்பெனிக்காரர்கள், நாங்கள்தான் நீக்கினோம் என்று எழுதித் தர வேண்டும். நான் நாளையும் வாசலுக்குப் போக வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போன் செய்தால், அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று நீ சொல்ல வேண்டும்.

மாடசாமி